பிரெசில்லாவின் கிரகணமும் இருபத்தெட்டு டிகிரியும்

பாம்பன் தீவின் அக்காள்மடத்தில் பெரிய ரோட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதன் கீழே நாலைந்து பெண்கள் அருவாமனையைப் போட்டு உட்கார்ந்து மீன் வெட்டித் தருவார்கள். எந்த அருவாமனைக்கு முன்னால் ஆட்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்களோ, அது பிரெசில்லாவுடையது. முள்ளே இல்லாமல் வெட்டித் தரச் சொன்ன ஒரு பேங்க் மேனேஜரிடம், "முள்ளே இல்லாம வேணும்னா இட்லிதான் சார் வாங்கணும்" என்றவள் அவள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரமும் அவளிடமே வந்து நின்றார். செதிலைச் சீவும்போதும் பேச்சு, குடலை எடுக்கும்போதும் பேச்சு. கை தன் வேலையைப் பார்க்கும், வாய் தன் வேலையைப் பார்க்கும்.

அந்த வாய் வீட்டு வாசலைத் தாண்டியதும் மூடிக்கொள்ளும். பதின்மூன்று வருடமாக அப்படித்தான் இருந்தது. காரணம் ஒரு சூரிய கிரகணம்.

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு, பொங்கலுக்கு மறுநாள். நிலா சூரியனுக்குக் குறுக்கே வந்து நடுவை மறைத்து, ஓரத்தை மட்டும் மோதிரம்போல விட்டுவைத்த கிரகணம் அது. தனுஷ்கோடியில் நன்றாகத் தெரியும் என்று வெளியூர்க்காரர்கள் தொலைநோக்கிகளோடு வண்டி வண்டியாகத் தீவுக்குள் வந்தார்கள். அவர்கள் கடந்து போன வீடுகளில் கதவு, சன்னலையெல்லாம் சாத்தி, கர்ப்பிணிகளை இருட்டறையில் உட்கார வைத்திருந்தார்கள். நிலாவின் நிழல் என்றைக்கு, எந்த நிமிடத்தில், எந்த ஊர்மேல் விழும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்ட காலத்தில், அந்த நிழலுக்குப் பயந்து ஒளிவதும் நடந்துகொண்டிருந்தது.

பிரெசில்லா அப்போது ஐந்து மாதம். அவள் கணவன் ஆன்டனி ராஜ் விடிகாலையில் வள்ளம் நிறைய விளைமீனோடு கரைக்கு வந்தான். கிரகணம் என்பதால் வியாபாரி ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஐஸ் வண்டியும் வரவில்லை. மீனுக்கு இதெல்லாம் தெரியாது, அது பாட்டுக்குக் கெடத் தொடங்கும். பிரெசில்லா வாசலில் அருவாமனையைப் போட்டு உட்கார்ந்தாள். சூரியன் மங்கி, வெயில் ஒரு மாதிரி வெளுத்துப்போயிருந்த நடுப்பகலில் அவ்வளவு மீனையும் வெட்டி உப்புப் போட்டு முடித்தாள்.

அதைப் பார்த்தவர் யாகப்பம்மாள், ஆன்டனி ராஜின் அக்கா. தாய் இறந்த பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். கணவரைக் கடலில் பறிகொடுத்தபின் தம்பி வீட்டிலேயே இருந்துவிட்டார். அந்த வீட்டில் அவர் பேச்சுதான் சட்டம். மாசமாக இருப்பவள் கிரகணத்தில் கத்தியைப் பிடித்தால் பிள்ளைக்குக் குறை வரும் என்று அன்றே தீர்ப்புச் சொன்னார். சொல்லிவிட்டு, அதே மீனில் வைத்த குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மீனைப் பிடித்து வந்தவன் ஆண்பிள்ளை, அவன்மேல் குற்றமில்லை. தின்றவர் மூத்தவர், அவர்மேலும் இல்லை. வெட்டியவள் வாக்கப்பட்டு வந்தவள், ஆகவே குற்றம் அவளுடையது. நம் ஊரில் வானத்தில் எது நடந்தாலும் தண்டனை கடைசியில் அடுப்படிக்குத்தான் வந்து சேர்கிறது.

ஷெரின் பிறந்ததும் யாகப்பம்மாள் முதலில் பார்த்தது உதட்டை. பிளவு இல்லை. விரல்களைப் பார்த்தார், காதைப் பார்த்தார், உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அதில் அவருக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் தேடுவதை விடவில்லை. பிள்ளை தாமதமாக நடந்தது கிரகணத்தால். தூக்கத்தில் பல்லைக் கடித்தது கிரகணத்தால். ஐந்தாம் வகுப்பில் கணக்கில் மார்க் குறைந்ததும் கிரகணத்தால். ஆறாம் வகுப்பில் அதே கணக்கில் முதலாவதாக வந்தபோது மட்டும் அது தங்கள் வம்சத்து மூளை.

பிரெசில்லா எதிர்த்துப் பேசவில்லை. அது பணிவு இல்லை. ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால் என்கிற பயம் அவளுக்குள்ளேயே ஒரு முள்போலக் கிடந்தது. தப்பு செய்துவிட்டோமோ என்று சந்தேகப்படுகிறவளை அடக்குவது சுலபம். அவளே பாதி வேலையைச் செய்துகொடுத்துவிடுவாள்.

ஷெரினுக்குப் பன்னிரண்டு வயது முடியும் சமயத்தில் அவள் பள்ளிக்கூடச் சுடிதாரின் சால் இடது தோளிலிருந்து வழுக்கத் தொடங்கியது. ஊக்குக் குத்தினாலும் இழுத்துக்கொண்டு போனது. தலை பின்னிவிடும்போது பிரெசில்லா கவனித்துப் பார்த்தாள். வலது தோள் உயர்ந்திருந்தது. முதுகின் வலப்பக்கம் விலா எலும்பு கொஞ்சம் புடைத்திருந்தது. யாகப்பம்மாளுக்குத் தெரிய இரண்டு நாள் ஆகவில்லை. பன்னிரண்டு வருடம் காத்திருந்தவருக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று அதற்குப் பிறகு அவர் எத்தனை தடவை சொன்னார் என்பதை அந்த வீட்டில் யாரும் எண்ணவில்லை. எண்ணி முடியாது.

ஆன்டனி ராஜ் நல்லவன். மகளுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று தவித்தான். வள்ளம் ஒரு பக்கம் சரிந்தால் எதிர்ப்பக்கம் சரக்கை மாற்றி வைத்து நிமிர்த்துவார்கள், கடலில் அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். வலது தோள் உயரமாக இருக்கிறதா? வலது பக்கம் பாரத்தைப் போடு. வலை அடியில் கட்டுகிற ஈயக்குண்டுகளை ஒரு துணியில் முடிந்து மகளின் பள்ளிக்கூடப் பைக்குள் போட்டு, பையை வலது தோளில் மட்டும்தான் மாட்டவேண்டும் என்று உத்தரவு போட்டான். யாகப்பம்மாள் தன் பங்குக்குச் சந்தியாகப்பர் கோவிலுக்கு நேர்ந்துகொண்டு ஊருக்கு அசனம் போட்டார். தெருவே வந்து சாப்பிட்டது. சாம்பார் அருமை என்று எல்லோரும் சொன்னார்கள். முதுகு அப்படியேதான் இருந்தது. ஷெரினுக்கு வலது தோளில் வலி மட்டும் புதிதாகச் சேர்ந்தது.

மறு வருடம் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்க ஒரு குழு வந்தது. அதில் யுவராணி என்கிற பிசியோதெரபிஸ்ட் இருந்தாள். அபிராமத்து விவசாயக் குடும்பத்துப் பெண். வேலை இராமநாதபுரத்தில். கடலென்றால் அவளுக்கு ஆகாது, பாம்பன் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வாள் என்று வண்டி டிரைவர் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். அதனால் அவளிடம் யாருக்கும் பயம் இல்லாமல் போயிற்று.

பெண்பிள்ளைகளை ஒரு வகுப்பறையில் கதவைச் சாத்தி வரிசையாக நிறுத்தினாள். காலைச் சேர்த்துவைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டிக்கொண்டு, முழங்கால் மடங்காமல் முன்னால் குனியவேண்டும். பின்னால் உட்கார்ந்து முதுகு மட்டத்துக்குக் கண்ணை வைத்து அவள் பார்ப்பாள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் சரி. ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால், கொத்தனாரின் ரசமட்டம்போல இருக்கும் சின்னக் கருவியை முதுகின்மேல் குறுக்காக வைப்பாள். வளைந்த குழாய்க்குள் ஒரு சின்னக் குண்டு உருண்டுபோய் எந்த எண்ணில் நிற்கிறதோ, அவ்வளவு டிகிரி முதுகு திருகியிருக்கிறது.

ஷெரினின் முறை வந்தது. அவள் பையை வாங்கி ஓரமாக வைக்கப்போன யுவராணிக்குக் கை கீழே போய்விட்டது. திறந்து பார்த்தாள்.

"என்னத்தா இது? பரீட்சை எழுதப் போறியா, வலை வீசப் போறியா?"

"எங்க அய்யா வச்சது மிஸ். வள்ளம் சரிஞ்சா எதிர்ப்பக்கம் பாரம் வைக்கணுமாம்."

யுவராணி சிரித்துவிட்டாள். பிறகு அவளைக் குனியவைத்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. குண்டு பத்தில் போய் நின்றது. வள்ளம் சாய்வது வேறு, முதுகு வளைவது வேறு என்று அவளுக்குச் சொன்னாள். முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும்போது துணியைப் பிழிகிறதுபோலக் கொஞ்சம் திருகவும் செய்யும். அந்தத் திருகல்தான் விலா எலும்பைப் பின்னால் தள்ளுகிறது. பாரம் வைத்து அதை இறக்க முடியாது. பாரம் தூக்கியதால் வந்ததும் இல்லை. அப்பா அம்மாவை இராமநாதபுரத்துக்கு வரச்சொல், எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்றாள்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டியபோது பிரெசில்லா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நடுமுள் அவளுக்குப் பழக்கமான விஷயம். யுவராணி பென்சிலும் ஸ்கேலும் எடுத்து அவளுக்கு அளந்து காட்டினாள். வளைவின் மேல்பாதியில் அதிகமாகச் சாய்ந்திருக்கும் எலும்பைத் தேடி, அதன் தலையை ஒட்டி ஒரு கோடு. கீழ்ப்பாதியில் எதிர்ப்பக்கமாக அதிகம் சாய்ந்திருக்கும் எலும்பின் அடியை ஒட்டி இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் உள்ள கோணம்தான் வளைவின் அளவு. இருபத்தெட்டு டிகிரி.

எலும்பு டாக்டர் மற்றதைச் சொன்னார். பெண் வயதுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, வளர்ச்சி இன்னும் பாக்கி இருக்கிறது. வளர வளர வளைவும் ஏறலாம். நாற்பத்தைந்தைத் தாண்டினால் ஆப்பரேஷன் பற்றிப் பேச்சு வரும். இப்போதே பிரேஸ் போட்டால், ராத்திரியும் பகலுமாக ஒழுங்காகப் போட்டால், வளர்ச்சி முடியும்வரை வளைவை இந்த இடத்திலேயே நிறுத்தி வைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. மதுரையில் அளவெடுத்துச் செய்து தருவார்கள். காலத்தைக் கடத்தக் கூடாது.

ஆன்டனி ராஜ் டீ வாங்கிவரப் போன நேரத்தில் பிரெசில்லா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மேடம், மாசமா இருக்கப்ப கிரகணத்துல மீனு வெட்டுனா இப்பிடி வருமா?"

யுவராணி சிரிக்கவில்லை. கேள்வியைக் கேட்பதற்குப் பதின்மூன்று வருடம் ஆகியிருக்கிறது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. வராது என்றாள். பெரும்பாலும் எதனால் வருகிறது என்று மருத்துவத்துக்கே முழுதாகத் தெரியாது, தாய் எதையோ செய்ததால் வருவதில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும். சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு இருப்பதுண்டு. பிறகு ஒன்று கேட்டாள்: "அன்னைக்கு இந்தத் தீவுல நீங்க ஒருத்தர்தான் மாசமா இருந்தீங்களா? எட்டாப்பு, ஒம்பதாப்புப் பிள்ளைகள்ல எத்தனையோ அப்ப வயித்துக்குள்ளதான இருந்திருக்கும்? அத்தனையயும் குனிய வச்சுப் பாத்தேன். முதுகெல்லாம் நேராத்தான் இருக்கு."

"அவுக ஆத்தாமாரு யாரும் வெட்டலயே மேடம்" என்றாள் பிரெசில்லா.

வீட்டில் யாகப்பம்மாள் பிரேஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கிரகணம் போட்ட கோணலைப் பிளாஸ்டிக் நிமிர்த்துமா என்பது ஒன்று. பிள்ளை அதை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் ஊருக்கே தெரிந்துவிடும், நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்பது இன்னொன்று. பெண்ணின் முதுகை டிகிரி கணக்கில் அளந்துவிடலாம். மாப்பிள்ளைகளின் குடியை அளக்கத்தான் இப்படி ஒரு கருவி வரவில்லை. வந்தால் பல கல்யாணம் நின்றுபோகும். ஆன்டனி ராஜ் அக்காவையும் பார்த்தான், மனைவியையும் பார்த்தான், கடைசியில் வலையைப் பார்க்கப் போய்விட்டான். மதுரைக்குப் போகவேண்டிய நாள் வந்தது, போனது. பார்க்கலாம் மேடம் என்று பிரெசில்லா போனில் முணுமுணுத்தாள். மகளின் முதுகைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்த வீட்டில் அவள் வாயைத் திறந்தாக வேண்டும். குற்றவாளி எப்படி வாயைத் திறப்பது?

ஆனால் யுவராணியின் கேள்வி அவளை விடவில்லை. ஒரு காலையில் ஷெரினோடு படிக்கும் ஒரு பெண்ணின் தாய் மீன் வெட்ட வந்தாள். பேச்சோடு பேச்சாக பிரெசில்லா கேட்டாள், கிரகணத்தன்றைக்கு நீ என்ன செய்தாய் என்று. அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"யார்ட்டயும் சொல்லிராத. எங்க வீட்டுலயும் ஒரு கூடை ஊளி மீனு வந்து கெடந்துச்சு. வாங்க ஆளில்ல. கதவச் சாத்திக்கிட்டு வெட்டிப்புட்டேன்."

பிரெசில்லாவின் கையில் இருந்த மீன் நழுவிச் சட்டியில் விழுந்தது.

அந்த வாரம் முழுக்க அருவாமனைக்கு முன்னால், கோவிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்வதுபோல ஒரு பாவசங்கீர்த்தனமே நடந்தது. ஒருத்தி கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து வெட்டியிருந்தாள். ஒருத்தி குளியலறையில். இன்னொருத்தியின் மாமியார், கர்ப்பிணி கத்தியைத் தொடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, வாசலில் காவலுக்கு உட்கார்ந்துகொண்டு, உள்ளே மருமகளை வெட்டவிட்டிருந்தார். உப்பை எடுத்துக்கொடுத்ததே அவர்தான். பின்னே? கடலை நம்பிப் பிழைக்கிற தீவில், பிடித்த மீனை எந்த வீட்டில் அழுகவிடுவார்கள்? அவர்கள் பிள்ளைகளில் ஒருவன் பள்ளிக்கூடக் கபடி அணியில் இருக்கிறான். ஒருத்தி மாவட்ட அளவில் நீளம் தாண்டுகிறாள். எல்லோரும் யுவராணிக்கு முன்னால் குனிந்து நிமிர்ந்தவர்கள்தான். பிரெசில்லா செய்த ஒரே பிழை, திறந்த வாசலில் உட்கார்ந்து வெட்டியது.

அவள் யுவராணிக்குப் போன் செய்தாள். "ஞாயித்துக்கெழம பூசைக்குப் பெறகு வீட்டுக்கு வாரியளா மேடம்? எங்க மதினிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லணும். மிச்சத்த நான் சொல்லிக்கிறேன்."

யுவராணி கண்ணை மூடிக்கொண்டு பாலத்தைக் கடந்து வந்தாள். பொரித்த மீனைச் சாப்பிட்டாள். இது சில குடும்பங்களில் ஒன்றிரண்டு பேருக்கு இருக்கும், அதனால் மற்றவர்களையும் பார்த்துவிடலாமே என்றாள். ஆன்டனி ராஜ் முதலில் குனிந்தான். நேராக இருந்தது. யாகப்பம்மாளுக்கு ரோசம் வந்துவிட்டது. தங்கள் வம்சத்தில் எல்லோரும் பாய்மரம்போல நிமிர்ந்தவர்கள், குறை இருந்தால் அது வெளியிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும் என்று சொல்லி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அறைக்குள் போய்க் கையைக் கூப்பிக் குனிந்தார். பெண்கள் மட்டும் கூடப் போனார்கள். ஷெரின் கருவியை எட்டிப் பார்க்க ஓரத்தில் நின்றாள்.

யுவராணி ஒரு தடவை வைத்துப் பார்த்தாள். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள்.

"என்ன, சத்தத்தக் காணோம்?" என்றார் யாகப்பம்மாள் தரையைப் பார்த்தபடி.

"அத்த," என்றாள் ஷெரின், "உங்களுக்கு ஏழு. எனக்குப் பத்து. உங்களுக்கும் வலப்பக்கந்தான்."

யாகப்பம்மாள் நிமிர்ந்து கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு தன் இடது தோளைத் தானே தடவிப் பார்த்தார். அந்தத் தோளில் எந்த ரவிக்கையும் அவருக்கு ஒழுங்காக உட்கார்ந்ததே கிடையாது. தைக்கத் தெரியாதவன் என்று திட்டித் திட்டித் தங்கச்சிமடம் தொடங்கி இராமநாதபுரம் வரைக்கும் அவர் மாற்றாத தையல்காரர் இல்லை. இத்தனை வருடமும் அந்தப் பாவப்பட்ட மனிதர்கள் சரியாகத்தான் தைத்திருக்கிறார்கள்.

கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "எங்க ஆத்தா மாசமா இருக்கப்ப என்னத்தச் செஞ்சாளோ."

பிரெசில்லா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "செத்துப்போன மனுசிய ஏன் மதினி இழுக்கிறிய? அவுக ஒண்ணுஞ் செய்யல. நானும் ஒண்ணுஞ் செய்யல. அன்னைக்கு இந்தக் கரையில வெட்டாதவ யாரு? எல்லாரும் கதவச் சாத்திக்கிட்டு வெட்டுனாக, நான் தொறந்துவச்சு வெட்டுனேன். அம்புட்டுத்தான். நடுமுள்ளு கோணுன மீனு எத்தனையோ என் கையால வெட்டிருக்கேன். கடலுக்குள்ள போயி அதுக ஆத்தாளுக்குக் கிரகணத்தப்ப யாரு கத்தியக் குடுத்தா?"

வாசலில் நின்ற ஆன்டனி ராஜ் தன் மனைவியின் குரலை வீட்டுக்குள் கேட்டு யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்ததாகப் பிற்பாடு சொன்னான். யாகப்பம்மாள் முரட்டுப் பெண்மணிதான், ஆனால் கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்லுகிறவர் இல்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து கேட்டார்: "மதுரைக்குக் காலையில எத்தன மணிக்கு பஸ்ஸு?"

பிரேஸ் வந்தது. அக்குளிலிருந்து இடுப்புவரை உடம்பைக் கவ்விக்கொள்ளும் வெள்ளைப் பிளாஸ்டிக் கூடு, முன்னால் வார்கள். வீட்டில் அதற்கு ஓடு என்று பெயர் வைத்தார்கள். உள்ளே பருத்திப் பனியன் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் ஒரு மணி நேரத்தில் பனியனைப் பிழியலாம். ஷெரின் முதல் வாரம் அழுதாள், எரிச்சலில் வாரைப் பிடுங்கி எறிந்தாள், பிறகு பழகிக்கொண்டாள். வகுப்பில் ஆமை என்று கூப்பிட்டார்கள். அவள் அதற்கு வளைந்துகொடுக்கவில்லை. யாராவது ஓட்டைத் தட்டினால், "யாரு வெளிய? ஆளு தூங்குது, அப்பறம் வாங்க" என்பாள். ஒரு மாதத்தில் அந்த வேடிக்கை எல்லோருக்கும் சலித்துவிட்டது. நெரிசலான பஸ்ஸில் முழங்கையால் இடிப்பதையே தொழிலாக வைத்திருந்த ஒருவன் அவளிடம் இடித்துவிட்டு, தன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப்போனதை அவள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

யாகப்பம்மாளுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். இருபது டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதல். எலும்பு முற்றிவிட்டது, இனி ஒன்றும் ஆகாது, உடற்பயிற்சி போதும் என்று சொன்னார்கள். தனக்கு ஓடு கிடையாதா என்று கேட்டு, கிடையாது என்றதும் அவருக்கு லேசான வருத்தம். அந்த வருத்தத்தையெல்லாம் ஷெரினைக் கண்காணிப்பதில் காட்டினார். ஓடு போட்டாயா என்று அவர் தெருமுனையிலிருந்து போடும் சத்தத்தில், ஊருக்குத் தெரியக்கூடாது என்று எந்த விஷயத்தை மறைக்கப் பார்த்தாரோ அது பாம்பன்வரை தெரிந்துபோயிற்று. ஆன்டனி ராஜ் ஈயக்குண்டுகளை எடுத்துப் பழையபடி வலையில் கட்டினான்.

நடுவில் ஒரு மோசமான நாள் வந்தது. ஆறு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் முப்பது என்று வந்தது. இவ்வளவு பாடுபட்டும் ஏறிவிட்டதே என்று பிரெசில்லா ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். முடிந்துபோன பயம் மறுபடியும் எழுந்து உட்கார்ந்து, ஒருவேளை, ஒருவேளை என்று காதில் ஓதியது. யுவராணி பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். இதே எக்ஸ்ரேயைக் காலையில் ஒருவரும் சாயங்காலம் இன்னொருவரும் அளந்தால் மூன்று, நாலு டிகிரி முன்னே பின்னே வரும். கோடு ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும். அதனால் ஐந்து டிகிரிக்குள் உள்ள மாற்றத்தை ஏறியதாகவும் எடுக்கக்கூடாது, இறங்கியதாகவும் எடுக்கக்கூடாது. அளக்கிறவர்கள் தங்கள் அளவில் எவ்வளவு பிசகு இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கிரகணத்தை வைத்துப் பலன் சொல்கிறவர்களிடம் இந்த ஒரு பழக்கம் மட்டும் கிடையாது. பிரெசில்லா இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். ஐந்துக்குள் இருந்தால் கணக்கில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள்.

ஷெரின் பத்தாம் வகுப்பை முடித்துப் பதினொன்றில் சேர்ந்த சமயத்தில் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். பிரேஸைக் கழற்றலாமா என்று முடிவுசெய்ய எக்ஸ்ரே எடுத்தார்கள். குடும்பமே இராமநாதபுரத்துக்குப் போயிருந்தது, யாகப்பம்மாள் புது ரவிக்கையோடு. யுவராணி இரண்டு கோடுகளைப் போட்டாள். எல்லோரும் அவள் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருபத்தாறு.

ஏறவில்லை, ஆப்பரேஷன் பேச்சு இல்லை, பிரேஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். ஷெரின் அந்த அறையிலேயே வாரைக் கழற்றப் போனாள். வீட்டில் போய்க் கழற்று என்று தடுத்தார்கள். ஆன்டனி ராஜ் திரும்பி நின்று சன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தான். யாகப்பம்மாள் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பாத்தியா? இருபத்தெட்டு இருபத்தாறாயிருச்சு. அந்த ரெண்டு டிகிரி சந்தியாகப்பர் எறக்குனது. நான் போட்ட அசனம் வீண்போகல."

யுவராணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிரெசில்லா அவளுக்கு வேலை வைக்கவில்லை. தகரக் கொட்டகையில் பேசுகிற அதே குரலில், சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"ரெண்டு டிகிரி கணக்குலயே வராது மதினி, அதனால அத நீங்களே உங்க நேர்த்திக்கு வச்சுக்கங்க. மிச்சம் இருபத்தாறும் ஏறாம நின்னுச்சுல்ல, அது எம்மக ஓட்ட மாட்டுனதுக்கு."

யாகப்பம்மாள் கொஞ்சம் யோசித்தார். பங்கு நியாயமாகத்தான் இருந்தது போலிருக்கிறது. கும்பிட்ட கையை இறக்கி, புது ரவிக்கையின் இடது தோளை இழுத்துவிட்டுக்கொண்டார்.